கஜானா யாருடையது? இந்திய நிதியமைச்சர் பதவி பற்றி ஓர் எளிய அறிமுகம்

கையில் ஒற்றை ரூபாய் (₹1) நோட்டு இருந்தால் எடுத்து, அதில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். மத்திய நிதித்துறைச் செயலாளர். பத்து, நூறு, ஐந்நூறு என்று மற்ற நோட்டுகளில் இருப்பது ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து. நாட்டின் பணத்துக்கே பொறுப்பாளர் என்று நாம் நினைக்கும் நிதியமைச்சரின் கையெழுத்து எந்த நோட்டிலும் கிடையாது.

இது தற்செயல் இல்லை. நிதியமைச்சர் பதவியைப் பற்றி நம்மிடம் இருக்கும் பெரிய தவறான எண்ணம், கஜானாவின் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது என்பது. உண்மையில், கஜானாவைத் திறக்கட்டுமா என்று ஆண்டுதோறும் கேட்டு நிற்பவர் அவர். நாடாளுமன்றம் சரி என்று சொல்லாமல் ஒரு ரூபாயைக்கூட அவரால் வசூலிக்கவும் முடியாது, செலவழிக்கவும் முடியாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பட்ஜெட் செய்திகள் பாதிக்கு மேல் தானாகப் புரியத் தொடங்கும்.

அரசியலமைப்புச் சட்டம் இதை இரண்டே இடங்களில் இறுக்கிக் கட்டியிருக்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது 265ஆவது பிரிவு. மத்திய அரசுக்கு வரும் வரி, வாங்கும் கடன், திரும்பி வரும் கடன் எல்லாம் ‘இந்தியத் தொகுப்பு நிதி’ என்ற ஒரே கணக்கில் சேர வேண்டும், சட்டப்படி அல்லாமல் அதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்கிறது 266ஆவது பிரிவு. பணம் உள்ளே வரும் வாசலிலும் வெளியே போகும் வாசலிலும் நாடாளுமன்றம் நிற்கிறது. அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்து கணக்கு எழுதி, அனுமதி கேட்டு, கிடைத்த அனுமதிக்குள் நாட்டை நடத்திக் காட்டுவதுதான் நிதியமைச்சரின் வேலை.

இந்தப் பதவி எப்படி வந்தது?

1857இல் நடந்த எழுச்சியை அடக்கப் போய் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் பெரும் கடனில் சிக்கியது. 1858இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஆட்சி நேரடியாக மகுடத்தின் கைக்கு மாறியது. கணக்கைச் சரிசெய்ய லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை அனுப்பினார்கள். ‘தி எகானமிஸ்ட்’ பத்திரிகையை 1843இல் தொடங்கியவர் இவர்தான். வைசிராயின் ஆட்சிக் குழுவில் நிதி உறுப்பினராகச் சேர்ந்து, 1860இல் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைக் கல்கத்தாவில் தாக்கல் செய்தார். கூடவே நம் நாட்டுக்கு வருமான வரியையும் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குள் வருமானம் இருந்தால் வரி இல்லை. 200 முதல் 500 வரை இரண்டு சதவீதம், அதற்கு மேல் நான்கு சதவீதம்.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். வில்சனின் புதிய வரிகள் இந்த மக்களுக்குப் பொருந்தாது, அரசு முதலில் தன் செலவைக் குறைக்கட்டும் என்பது அவர் வாதம். அதைக் கோப்புக்குள் எழுதியதோடு அவர் நிற்கவில்லை, ஊரறிய வெளியிட்டும் விட்டார். மேலிடம் கொதித்தது. ஆளுநர் பதவி பறிபோய் இங்கிலாந்துக்குத் திரும்பினார். வில்சனும் அதே ஆண்டு ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு கண்டு கல்கத்தாவிலேயே இறந்துபோனார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கையான திருப்பம். சில ஆண்டுகளில் அதே டிரெவெல்யன் நிதி உறுப்பினராக இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். அவர் காலத்தில், 1865இல், அந்த வருமான வரி முடிவுக்கு வந்தது. பிறகு அது வருவதும் போவதுமாக இருந்து, 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நிலைத்தது.

இந்தச் சண்டை எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் வேறு. வரி போடுவதா, செலவைக் குறைப்பதா என்ற கேள்வி முதல் பட்ஜெட்டிலேயே எழுந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றி வாதாடிய இரண்டு பேருமே பிரிட்டிஷ்காரர்கள். வரி கட்டப் போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் சட்ட மேலவையில் இருந்த சில இந்தியர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசவாவது முடிந்தது. வாக்களிக்க முடியாது, பேசலாம், அவ்வளவுதான். அந்தப் பேச்சுரிமையையே கூர்மையான ஆயுதமாக்கியவர் கோபால கிருஷ்ண கோகலே. அரசுக்குக் கணக்கில் உபரி இருக்கிறது, மக்களோ பஞ்சத்தில் கிடக்கிறார்கள், அப்படியென்றால் இந்த உபரி எங்கிருந்து வந்தது என்று 1902இல் அவர் கேட்டார். பட்ஜெட் உரை என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது அமைச்சரின் உரை இல்லை, எதிரில் உட்கார்ந்து கோகலே ஆற்றிய அந்த உரைதான்.

1946இல் அமைந்த இடைக்கால அரசில் நிதிப் பொறுப்பு லியாகத் அலி கானிடம் வந்தது. 1947 பிப்ரவரியில் அவர் தாக்கல் செய்த பட்ஜெட்டில் உப்பு வரி ஒழிக்கப்பட்டது. தண்டியிலும் வேதாரண்யத்திலும் மக்கள் போராடியது எதற்காகவோ, அது ஒரு பட்ஜெட்டில் தீர்ந்தது. சில மாதங்களில் நாடு பிரிந்து, அவர் பாகிஸ்தானின் முதல் பிரதமரானார்.

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947 நவம்பர் 26 அன்று அவர் தாக்கல் செய்த பட்ஜெட் ஓர் ஆண்டுக்கானது இல்லை. ஆகஸ்ட் 15 முதல் மார்ச் 31 வரை, ஏழரை மாதத்துக்கு மட்டும். எதிர்பார்த்த வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. அந்தச் செலவில் ஏறக்குறைய பாதி, 92.74 கோடி, பாதுகாப்புக்கே போனது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது, வேறு வழியும் இல்லை.

நாற்காலி எளிதானதல்ல

நாட்டின் முதல் நான்கு நிதியமைச்சர்களும் பதவியை ராஜினாமா செய்துதான் வெளியேறினார்கள். ஒவ்வொருவரின் காரணமும் இந்தப் பதவியைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது.

சண்முகம் செட்டியார் 1948இல் விலகினார். வருமான வரி விசாரணைக்குப் போக வேண்டியவர்களின் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது சர்ச்சையாகி, அதற்குப் பொறுப்பேற்றார். அடுத்து வந்த ஜான் மத்தாய் 1950இல் விலகியது கொள்கைக் காரணத்துக்காக. புதிதாக வந்த திட்டக் குழு, செலவைக் கட்டுப்படுத்தும் நிதியமைச்சகத்தின் அதிகாரத்தைப் பறித்து இன்னோர் அமைச்சரவையாக மாறிவிடும் என்று அவர் அஞ்சினார். மூன்றாமவர் சி.டி. தேஷ்முக், ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநராக இருந்தவர். மாநிலச் சீரமைப்பில் பம்பாய் நகரைத் தனியே பிரிப்பதை ஏற்காமல் 1956இல் வெளியேறினார்.

நான்காவது டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இவருடைய கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது 1956இல் உருவான அரசு நிறுவனம் எல்ஐசி, அடுத்த ஆண்டே ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. மக்களவையில் இதைப் போட்டு உடைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, ஆளும் காங்கிரஸின் ஃபெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். செய்தது அதிகாரிகள், எனக்குத் தெரியாது என்று அமைச்சர் சொல்லித் தப்ப முடியாது, தன் செயலாளரின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பு என்பதுதான் அங்கே நிலைநாட்டப்பட்ட கோட்பாடு. டி.டி.கே. 1958இல் விலகினார். பட்ஜெட்டுக்குச் சில நாட்களே இருந்ததால் அந்த ஆண்டு பட்ஜெட்டை நேருவே தாக்கல் செய்தார். அந்த விவகாரத்தில் விசாரிக்கப்பட்ட நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேல், 1977இல் ஜனதா ஆட்சியில் தாமே நிதியமைச்சர் ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமைச்சரவையில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பிரதமரின் நம்பிக்கை போனால் இந்த நாற்காலி நிற்காது. பத்து பட்ஜெட் போட்டு இன்றும் எண்ணிக்கையில் முன்னிற்கும் மொரார்ஜி தேசாயிடமிருந்து 1969 ஜூலையில் இந்திரா காந்தி நிதித் துறையை எடுத்துக்கொண்டார். சில நாட்களிலேயே 14 தனியார் வங்கிகள் தேசியமயமாயின. 1970 பட்ஜெட்டை இந்திராவே தாக்கல் செய்தார். இந்தப் பொறுப்பை முழுநேரமாக வகிக்கும் முதல் பெண், 2019 முதல் பதவியில் இருக்கும் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன்.

அந்த நம்பிக்கை கெட்டியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1991 சாட்சி. அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறக்குறைய இரண்டு வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை. தங்கம் விமானத்தில் வெளிநாட்டுக்கு அடமானம் போனது. அப்போது நிதியமைச்சரான மன்மோகன் சிங் எந்த அவையிலும் உறுப்பினராகக்கூட இல்லை, முன்னாள் ரிசர்வ் வங்கி ஆளுநர். ஜூலை தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு கட்டமாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 24 அன்று பட்ஜெட் வந்தது. அதே நாளில் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்ற புதிய தொழில் கொள்கையும் வந்தது. தொழில் துறையைக் கையில் வைத்திருந்தவர் பிரதமர் நரசிம்ம ராவ். நிதியமைச்சர் மட்டும் தனியாக நின்று செய்த காரியமல்ல அது.

பட்ஜெட் என்ற நீண்ட விண்ணப்பம்

‘பட்ஜெட்’ என்ற சொல் அரசியலமைப்பில் இல்லை. 112ஆவது பிரிவு அதை ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்கிறது. அதை நாடாளுமன்றத்தின் முன் வைக்கச் செய்ய வேண்டியவர் குடியரசுத் தலைவர் என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது, நிதியமைச்சரின் பெயரையே எடுக்கவில்லை.

வேலை தொடங்குவது பிப்ரவரியில் அல்ல, முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில். பொருளாதார விவகாரத் துறையின் பட்ஜெட் பிரிவு எல்லா அமைச்சகங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பும். ஒவ்வொரு துறையும் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதும். எல்லோருடைய தேவையும் நியாயமானதாகவே இருக்கும், கூட்டிப் பார்த்தால் கையில் இருப்பதைவிட அதிகமாகவே வரும். குறைக்கச் சொல்லும் வேலை செலவினத் துறையுடையது. பட்ஜெட்டுக்கு அப்பாலும், ஆண்டு முழுக்க எந்த அமைச்சகமும் புதுச் செலவோடு அமைச்சரவைக்கு வருமுன் நிதியமைச்சகத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் பதவியின் உண்மையான பலம் பட்ஜெட் உரையில் இல்லை, ‘முடியாது’ என்று சக அமைச்சர்களிடம் சொல்லும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிப்ரவரி முதல் தேதி உரை. முன்பெல்லாம் பிப்ரவரி கடைசி வேலைநாளில், மாலை ஐந்து மணிக்கு வாசிப்பார்கள். 1999இல் யஷ்வந்த் சின்ஹா அதைக் காலை பதினொரு மணிக்கு மாற்றினார். 2017இல் அருண் ஜேட்லி காலத்தில் தேதி முன்னே வந்தது, 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட்டும் பொது பட்ஜெட்டோடு சேர்ந்தது. தேதியை முன்னே கொண்டுவந்ததில் ஒரு நல்ல காரணம் உண்டு. ஏப்ரல் 1 அன்று புது நிதியாண்டு பிறக்கும்போதே பணத்துக்கு அனுமதி கையில் இருக்க வேண்டும் அல்லவா?

உரை முடிந்ததும் தொலைக்காட்சிகள் அடங்கிவிடும். நாடாளுமன்றத்தின் வேலையோ அப்போதுதான் தொடங்குகிறது. முதலில் பொது விவாதம். பிறகு ஒவ்வோர் அமைச்சகத்தின் செலவும் தனித்தனி மானியக் கோரிக்கையாக மக்களவைக்கு வரும். உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். கொள்கையே பிடிக்கவில்லை என்றால், கேட்ட தொகையை ஒரு ரூபாயாகக் குறை என்று கேட்கலாம். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்டிக்காட்ட நூறு ரூபாய் குறைக்கச் சொல்லலாம். அப்படி ஒரு தீர்மானம் நிறைவேறினால் அவையின் நம்பிக்கையை அரசு இழந்துவிட்டது என்றே பொருள். கோரிக்கைகள் நிறைவேறிய பின், கஜானாவிலிருந்து பணம் எடுக்க நிதி ஒதுக்கீட்டு மசோதா, வரி விதிக்க நிதி மசோதா. இவை பண மசோதாக்களாக வரும்போது மாநிலங்களவையால் தடுக்க முடியாது. 14 நாட்களுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம், மக்களவை அதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

இதில் ஒரு நுணுக்கம். நிதியமைச்சர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தால், மக்களவையில் உரை வாசிக்கலாம், பதில் சொல்லலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. மன்மோகன் சிங், அருண் ஜேட்லி, நிர்மலா சீதாராமன் எல்லோரும் அப்படி நின்றவர்கள்தான். தாம் கேட்ட பணத்துக்குத் தாமே கை தூக்க முடியாது!

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் ஒன்றையும் சொல்ல வேண்டும். விவாத நாட்கள் தீர்ந்துவிட்டால், பேசப்படாமல் கிடக்கும் கோரிக்கைகளையெல்லாம் சபாநாயகர் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுவார். ‘கில்லட்டின்’ என்று பெயர். கழுத்தை வெட்டும் கருவியின் பெயரை வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் சில அமைச்சகங்களின் செலவுதான் அவையில் முழுதாகப் பேசப்படுகிறது, பெரும்பகுதி பேசப்படாமலே நிறைவேறுகிறது. நிலைக்குழுக்கள் முன்பே ஆராய்கின்றன என்பது ஓரளவு ஆறுதல். ஆனாலும் கேட்பதற்கு உரிமை வாங்க அத்தனை ஆண்டு போராடிய நாடு, கேட்காமல் விடுவது சரியில்லை.

பொதுத்தேர்தலுக்குச் சற்று முன் முழு பட்ஜெட் வராது. புது அரசு வரும்வரை சம்பளமும் ஓய்வூதியமும் நிற்காமலிருக்கச் சில மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்குவார்கள். இதைத்தான் இடைக்கால பட்ஜெட் காலத்தில் ‘வோட் ஆன் அக்கவுண்ட்’ என்று செய்தியில் சொல்கிறார்கள்.

அவர் கையில் இல்லாதவை

வீட்டுக்கடன் வட்டி ஏறினால் நிதியமைச்சரைத் திட்டுகிறோம். ஆனால் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 2016 முதல் முடிவு செய்வது ரிசர்வ் வங்கியின் ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு. விலைவாசி உயர்வை நான்கு சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க வேண்டும் என்ற இலக்கை அரசு நிர்ணயிக்கிறது, அதை எட்டும் வழி அந்தக் குழுவுடையது. அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் உரசல் வராமலில்லை. டி.டி.கே.யோடு மோதி 1957இல் ஆளுநர் பெனகல் ராமா ராவ் பதவி விலகியது பழைய கதை.

ஜிஎஸ்டி விகிதமும் அவர் தனியாக முடிவு செய்வதல்ல. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த வரிக்கு ஒரு கவுன்சில் உண்டு. அதை உருவாக்கிய 279ஏ பிரிவு மத்திய நிதியமைச்சரைப் பெயர் சொல்லித் தலைவராக்குகிறது. ஆனால் வாக்குகளில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மத்திய அரசு தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது, மத்திய அரசு ஒப்பாமல் மாநிலங்களும் நிறைவேற்ற முடியாது.

மத்திய வரிகளில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்பதை 280ஆவது பிரிவின்படி அமையும் நிதிக்குழு பரிந்துரைக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு சொன்னது 41 சதவீதம். அப்புறம் பழைய கடனுக்கான வட்டி. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய், அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. கால்பங்கு. இந்தத் தொகைக்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பே கிடையாது, கட்டியே ஆக வேண்டும். முந்தைய ஆட்சிகள் வாங்கிய கடனெல்லாம் இன்றைய நிதியமைச்சரின் மேசைக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது. வருமானத்துக்கும் செலவுக்கும் நடுவே கடன் வாங்கி நிரப்பும் இடைவெளிதான் ‘நிதிப் பற்றாக்குறை’. அதற்குக் கடிவாளம் போட 2003இல் தனிச் சட்டமே வந்தது.

செலவு முடிந்த பிறகும் கேள்வி முடிவதில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்கைப் பார்த்து அறிக்கை தருவார். அதை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு எடுத்துக்கொள்ளும். 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே அந்தக் குழுவுக்குத் தலைமை வகிப்பது மரபு.

அடுத்த முறை பட்ஜெட் வரும்போது உரையை மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். அன்றே இணையத்தில் ஏறும் ஆவணங்களில் ‘பட்ஜெட் அட் எ கிளான்ஸ்’ என்று சில பக்கங்களில் ஒரு சுருக்கம் இருக்கும். அதில் எண்கள் நான்கு பத்திகளாக நிற்கும்: போன ஆண்டின் உண்மைக் கணக்கு, இந்த ஆண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, இந்த ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்குக் கேட்கும் தொகை. செய்தியில் வருவது நான்காவது பத்தி மட்டும். உங்களுக்கு அக்கறையுள்ள ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது பத்தியையும் மூன்றாவது பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன பிப்ரவரியில் கைதட்டலோடு அறிவித்த தொகை எவ்வளவு, உள்ளபடியே செலவாகப் போவது எவ்வளவு என்பது அங்கே தெரியும்.